ஈஸ்ட்ரோஜனுக்குக் கல்லுப்பு

கல்லுப்பைப் போட்டு விஞ்ஞானத்தையே புரட்டியவள் என்று என்னைப் பற்றி எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். புரட்டியது உண்மை. எந்தப் பக்கமாக என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போய் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். (எங்கள் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைத் திக்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நான், என் அப்பா.) அப்பாவை நாங்கள் நைனா என்போம். கறிக்கடை கறிக்கடையாகப் போய்ப் பச்சைத்தோல் வாங்கி மண்டியில் சேர்ப்பவர். தோல் அழுகாமலிருக்க உடனே உப்புத் தடவ வேண்டும் என்பதால், அவருடைய மஞ்சள் பையில் கல்லுப்பு இல்லாத நாளே கிடையாது.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் செல்லுக்குள் வந்ததும், அங்கே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகும். அன்றைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஆட்டுக் கர்ப்பப்பையை நறுக்கி, ஹார்மோனில் ஊறவைத்து, அரைத்து, உட்கருவைத் தனியே பிரித்து, ஏற்பி உள்ளே போயிருப்பதை வெளியூர்த் தேர்வாளரிடம் நான் காட்ட வேண்டும். "சரியா காட்டிட்டா ஆராய்ச்சிக்கு உன்னை எடுத்துக்கிறேன்" என்று புரொபசர் சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் வாணியம்பாடியில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

அன்று காலை நைனாவே கர்ப்பப்பையை வாங்கிவந்து, மூடி இறுகாத பிளாஸ்கில் ஐஸோடு போட்டு, என்னுடன் பஸ் ஏறினார். பள்ளிகொண்டா அருகே பஸ் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். வெயில் ஏறியதும் திறந்து பார்த்தேன். ஐஸ் போய் வெதுவெதுவென்று தண்ணீர்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாத்துக்குமா அழுவுற? ஐஸ நம்பினா இப்டித்தான். நம்மகிட்ட உப்பு இல்ல?"

"போடலாமா நைனா?"

"என் கை பட்ட சரக்கு கெட்டுச்சுன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம்!"

முதல் வகுப்பில் தேறியவள் யோசித்திருக்க வேண்டாமா? தோல்காரர் மகளாயிற்றே, உப்பு என்றதும் மனசு நிம்மதியாகிவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாலையோரம் உட்கார்ந்து இரண்டு பேருமாக அழுத்தித் தேய்த்து, மிச்ச உப்போடு பிளாஸ்கிலேயே போட்டோம். பிறகு வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

லேபில், மேலுப்பைத் தட்டிவிட்டுச் சோதனையைச் செய்தேன். ஏற்பி முழுவதும் வெளியே திரவத்தில் கிடந்தது. உட்கரு காலி. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"புத்தகம் தப்பு சார். ஏற்பி உட்கருவுக்குள்ள போறதே இல்ல" என்றேன் தேர்வாளரிடம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் பிளாஸ்கை எடுத்துக் கவிழ்த்தார். மேசையில் பொலபொலவென்று கல்லுப்பு கொட்டியது.

"உள்ள போன ஏற்பியை வெளியே எடுக்க நாம எதை ஊத்துவோம்மா?"

"உப்புக் கரைசல் சார்." (பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.) சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மானம் கப்பலேறிவிட்டது.

"யார் உப்பு போட்டது?" என்றார் புரொபசர்.

"நான்தான் சார்."

"இல்ல சார், பொய் சொல்லுது. நான்தான் போட்டேன்." வாசலில் நின்றிருந்த நைனா உள்ளே வந்துவிட்டார். "வேணும்னா மோந்து பாருங்க, துளி நாத்தம் இருக்குதா?"

தேர்வாளர் நிஜமாகவே மோந்து பார்த்தார். "இல்லீங்க" என்றவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். புரொபசரும் சிரித்து, அடுத்த வாரம் உப்பில்லாமல் செய்யச் சொன்னார். ஏற்பி சமர்த்தாக உள்ளே போயிற்று. நானும் ஆராய்ச்சிக்குள் போனேன்.

ஐந்தாறு வருடம் கழித்துப் புத்தகமே மாறியது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வெளியே காத்திருப்பதே இல்லையாம். பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே உட்கருவில்தான் இருக்கிறதாம். அரைக்கும்போது கழன்று வந்ததைப் பார்த்து எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். (வேறு சில ஹார்மோன்களின் ஏற்பிகள் நிஜமாகவே உள்ளே போகின்றன.) நான் சொன்னது உப்பால் வந்த உளறல், இது வேறு என்று நைனாவுக்கு எவ்வளவோ விளக்கினேன். அவர் காதில் ஏறினால்தானே? "புத்தகம் தப்புன்னு எம்பொண்ணு அன்னிக்கே சொன்னா!" என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தப்பை அடித்துப் பேசினால், என் மகள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவாள்.

"அஞ்சு வருசம் இதுல போட்டு வைங்க. கெடாது. அப்புறம் சரின்னு ஆயிடும்."