வருகைப்பதிவோடு ஓர் ஆபரேஷன்

உதவித்தொகையில் படிக்க வந்த அயல்நாட்டு மாணவர்களின் உடல்நலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அளவற்ற அக்கறை இருந்தது. வந்து இறங்கிய அன்றே எல்லோருக்கும் வழவழவென்று ஒரு மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுத்தார்கள். அதை யாராவது பயன்படுத்த வருவார்கள் என்று மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

என் அறைத்தோழனுக்குக் குடல்வால் வீங்கியது. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். மருத்துவமனைக்குப் பாக்கி வைக்கும் மாணவனின் உதவித்தொகை ரத்து, படிப்பை விட்டு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது விதி. ஆகவே முனகிக்கொண்டிருந்தவனைக் கைத்தாங்கலாகக் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன்.

அதிகாரி அம்மாள் அன்பானவர். அவனை உட்காரவைத்து விசாரித்தார்.

“இன்னிக்கு வகுப்பு இருக்கா தம்பி?”

“இருக்கு மேடம். சமூகப் பாதுகாப்புப் பாடம்.”

“காப்பீடு மாணவருக்குத்தான். வகுப்புல இருந்தா மாணவர். ஆஸ்பத்திரில படுத்துட்டா வெறும் நோயாளி. நோயாளிக்கு நாங்க எப்படிக் கொடுக்கிறது?”

“வகுப்புல உட்கார்ந்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணிக்க முடியுமா மேடம்?” என்றேன்.

“வகுப்பு எங்க நடக்கணும்னு விதியில சொல்லலையே!” என்று வழியையும் அவரே காட்டினார். தங்கமான மனசு.

அன்று மாலை ஆபரேஷன் அறை வாசலில் பெஞ்சு போட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, பேராசிரியர் பாடத்தைத் தொடங்கினார். வருகைப்பதிவில் தோழன் பெயர் வந்தபோது அவனுக்கு மயக்க மருந்து ஏறிவிட்டிருந்தது. கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குரலை மாற்றி, “உள்ளேன் ஐயா” என்றேன்.

அவன் பிழைத்தான். ஆபரேஷன் செலவும் காப்பீட்டிலிருந்து வந்தது. மயக்க மருந்துச் செலவுக்கு மட்டும் கை விரித்துவிட்டார்கள்; அது மருத்துவமனையில் பாக்கியாக நின்றது. தோழனும் நானும் பேராசிரியரையும் வகுப்புத் தோழர்களையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு அம்மாளிடம் போனோம்.

“பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லியிருக்காரே! அப்புறம் மயக்கம் எங்க வந்தது?” என்றார் அம்மாள்.

உண்மையைச் சொன்னால் வருகை போய்விடும். வருகை போனால் ஆபரேஷன் செலவும் போய்விடும். பேராசிரியர் பெரிய மனது பண்ணி முன்வந்தார்.

“பதில் சொல்லிட்டு மயங்கியிருப்பான் மேடம். என் வகுப்புல அது சகஜம்.”

“வேற யாராவது மயங்கினாங்களா?”

“அநேகமா எல்லாருமே.”

“மருந்து இல்லாமலேயா?”

“இல்லாமத்தான்.”

“அப்ப உங்க பாடமே போதுமே சார். பாடத்துக்குத்தான் உதவித்தொகையில கட்டியாச்சே. ஒரே மயக்கத்துக்கு ரெண்டு தடவை எப்படிக் கொடுக்க முடியும்?”

பேராசிரியருக்கு ரோஷம் வந்துவிட்டது. “பசங்க முழிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க!”

“ரொம்ப சந்தோஷம். அன்னிக்கு நடத்தினதுல ஒரே ஒரு வரி, யாராவது சொல்லுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

மாணவர்கள் எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர், யாராவது சொல்லித் தொலைக்க மாட்டோமா என்று எங்களைப் பார்த்தார்.

தோழன் மெல்ல எழுந்து, பெட்டி கட்டப் போனான்.