என் விலாசமாகிப்போன உங்கள் வீடு

பெருமதிப்புக்குரிய மைத்துனர் க்ளோவிஸ் அவர்களுக்கு,

மெய்ன் மாநிலத்துக் கரிபூவிலிருந்து உங்கள் தங்கை ஜெர்மேனின் கணவன் அர்மான் தலை குனிந்தபடி எழுதுவது. இங்கே ஜெர்மேன் நலம், நாய் நலம், பனி மட்டும் ஏப்ரல் வந்தும் கிளம்ப மாட்டேன் என்கிறது. அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, வீட்டில் பெவர்லி அக்காவின் சர்ச் பாட்டுக்குழு நன்றாக நடக்கிறதா என்று அறிய ஆவல். இந்த விசாரிப்பையே இன்னும் ஒரு பக்கத்துக்கு நீட்டலாம் என்றிருந்தேன். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை, "விஷயத்துக்கு வாங்க" என்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் வாசலில் ஒரு வான்கோழி வந்து இறங்கியதே, யார் அனுப்பியது என்று தெரியவில்லை, ஆனாலும் ருசியாக இருந்தது என்று போனில் சொன்னீர்களே, அது எனக்கு வந்த வான்கோழி. என் கம்பெனி என் வீட்டுக்கு அனுப்பியது. கம்பெனிக்குத் தெரிந்தவரை என் வீடு உங்கள் வீடுதான்.

நான் ஏமாற்றுக்காரன் இல்லை மச்சான், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் அறுக்கும் ஆலையை மூடியபிறகு இந்த வயதில் போய் லாரி ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கினேன், பாதிரியார் பூசை முடிந்ததும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், ஜெர்மேன் கேக் வெட்டினாள், அதற்குப் பிறகு நான் கூப்பிட்ட ஒவ்வொரு கம்பெனியும் என் வயதைக் கேட்கவில்லை, முதுகுவலி உண்டா என்று கேட்கவில்லை, முதல் கேள்வியாக ஊரைத்தான் கேட்டது.

"கரிபூவா? அந்தப் பக்கம் எங்களுக்கு லோடே கிடையாதே சார். லீவுக்கு உங்களை வீட்டுல விடணும்னா லாரி அங்கேருந்து காலியாத் திரும்பணும். புது டிரைவருக்காக யார் சார் அப்படிச் செய்வாங்க?"

"இங்க உருளைக்கிழங்கு இருக்கே மேடம்."

"அதை ஏத்த உங்க ஊர்லயே ஆள் இருக்கு சார்."

ஆள் இருக்கிறான், சொந்தமாக லாரிகள் வைத்திருக்கும் ஃபெர்னான். அவனிடமும் போய் நின்றேன். "புது ஆளுக்கு என் இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான் அர்மான். ரெண்டு வருஷம் வெளியூர்க் கம்பெனியில ஓட்டிட்டு வா" என்றான். வெளியூர்க்காரன் ஊரைப் பார்த்து வேண்டாம் என்கிறான், உள்ளூர்க்காரன் வெளியூர் போய்விட்டு வா என்கிறான். கடைக்குப் போனால், "என்ன அர்மான், லாரியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கை தட்டியவர்கள்தான். பால் வாங்கக்கூட நான் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் இன்னொரு கம்பெனிப் பெண் எந்த ஊர் என்று கேட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டை உங்கள் விலாசத்தோடு ஒட்டியிருந்தது. வாய் தானாக, "ஒஹாயோ, கொலம்பஸ்" என்றது.

"கொலம்பஸா? எங்க ஆபீஸே அங்கதான் சார். திங்கட்கிழமை வந்துடறீங்களா?"

அதே நான், அதே முதுகு, அதே லைசென்ஸ். ஊர் மட்டும்தான் வேறு. லைசென்ஸில் ஏன் மெய்ன் என்று இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்டாள். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "பொண்டாட்டி துரத்திட்டா. அண்ணன் வீட்டுல இருக்கேன்" என்றேன். அவள் அழாத குறை. அண்ணன் என்றது உங்களைத்தான். பெண்டாட்டி துரத்தியவன் பெண்டாட்டியின் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு லோடு ஒதுக்குகிற யொலாண்டா தங்கமான மனுஷி. தவறாமல் என்னை 'வீட்டுக்கு' அனுப்பிவைப்பார். உங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் சூப்பர் மார்க்கெட் மைதானத்தில் லாரியை நிறுத்தி அதற்குள்ளேயே லீவைக் கழிப்பேன். ஒரு தடவை நீங்கள் தள்ளுவண்டியோடு லாரிக்கு முன்னாலேயே போனீர்கள். நான் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். ஜெர்மேனிடம் கம்பெனி லீவே தருவதில்லை என்று சொல்லிவைத்திருந்தேன். நான் இல்லாவிட்டால் கம்பெனியே நின்றுவிடும் என்று அவள் சர்ச்சில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாளைக்கு முன்னால் இங்குள்ள உருளைக்கிழங்கு வறுவல் ஆலைக்கு அட்டைப்பெட்டி லோடு வந்தது. "சாரி அர்மான், உங்களை அவ்வளவு தூரம் அந்தக் காட்டுக்கு அனுப்பறேன். சீக்கிரம் வீட்டுக்கு இழுத்துடறேன்" என்றார் யொலாண்டா. அந்தக் காட்டுக்குப் போகிற பாதை என் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. இன்று காலை ஜெர்மேன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள், தனியாக, என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு. நிற்காமல் போய்விடத்தான் நினைத்தேன். கால் பிரேக்கை மிதித்துவிட்டது. அவள் சூடாகக் காப்பி எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். லாரி எங்கே நின்றாலும் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே, யொலாண்டாவிடமிருந்து போன் வந்தது, லாரியில் போன் பேச்சு ஸ்பீக்கரில்தான் கேட்கும்.

"ஏன் அங்க நிக்கறீங்க அர்மான்? அது யார் வீடு?"

"என் மனைவி வீடு" என்றேன்.

"துரத்திவிட்டாங்களே, அவங்களா? பக்கத்துல இருக்காங்களா?"

ஜெர்மேன் காப்பியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் வெளி மனுஷி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரும்மா. அண்ணன் வீட்டுல கிடந்து கஷ்டப்படறார். அவரை வீட்டுக்குள்ள சேர்த்துக்கோங்கம்மா."

ஜெர்மேன் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு நிதானமாக, "சேர்த்துக்கிட்டா அவர் வேலை என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"அதான் எனக்கும் வருத்தமா இருக்கு. விலாசம் அந்த ஊருன்னு ஆயிட்டா கம்பெனி வச்சுக்காது."

"அப்ப வேணாங்க. எனக்கு இன்னும் கோபம் தீரலை. அவர் அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும்."

இதைச் சொன்னது உங்கள் தங்கை மச்சான், யாரையும் வீட்டைவிட்டு ஒரு நாளும் துரத்தாதவள். போன் வைத்தபிறகு அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கோட்டு பட்டன் அறுந்துபோச்சு, தச்சுக் குடுத்துட்டுப் போங்க, எனக்கு விரல் விறைச்சுப்போச்சு" என்று மட்டும் சொன்னாள். ஆலையில் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்து தைத்தேன். ஊசியே கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறமும் கம்பெனிக்கு லாரி கோளாறு என்று சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொய் பழகிவிட்டது.

உங்கள் விலாசத்தைக் கேட்காமல் எடுத்ததற்கும் வான்கோழிக்கும் சீட்டுக்கடியில் படுத்ததற்கும் மன்னியுங்கள். நாளைக் காலையில் யொலாண்டாவிடம் உண்மையைச் சொல்லி வேலையை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டாருக்கு எல்லா நலமும் உண்டாக வேண்டும் என்று, அதைக் கேட்க எனக்கு வாய் இல்லாவிட்டாலும், வேண்டிக்கொள்ளும்

உங்கள் தங்கை கணவன்
அர்மான்

பின்குறிப்பு: ஜெர்மேன் இதை வாசித்துவிட்டாள். வேலையை விடுவதாக எழுதியதை அடிக்கச் சொல்கிறாள். கடிதம் அசிங்கமாகிவிடும் என்பதால் அடிக்கவில்லை, நீங்கள் மறந்துவிடுங்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளும் யொலாண்டாவும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். அண்ணன் வீட்டில் வைத்துச் சமரசம் பேசுவதற்காக ஜெர்மேனை லாரியில் ஏற்றிவரக் கம்பெனியே அனுமதி கொடுத்திருக்கிறது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாங்கள் ஞாயிறு மதியம் வந்துவிடுவோம். நடுவில் இருந்து பேசிவைக்க யொலாண்டாவும் சாப்பாட்டுக்கு வருகிறார். அன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் என் அண்ணன். தயவுசெய்து என்னை விட்டுக்கொடுக்காமல் ஜெர்மேனைக் கொஞ்சம் திட்டுங்கள்.