நாலு பிரின்சிபாலும் ஒரு டிராக்டர் மாம்பழத் தோலும்

எதைப் பார்த்தாலும் வாயைப் பிளப்பது என் பிறவிக் குணம். அதோடு நின்றால் பரவாயில்லை. நான் வாயைப் பிளந்த இடத்தில் ஊரே வாயைப் பிளக்க வேண்டும் என்று அடம் பிடிப்பேன். அதனால்தான், திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு எம்.பி.ஏ. கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தபோது, மூன்று பிரின்சிபால்களின் சட்டையையும் நான்காமவரின் பட்டுப் புடவையையும் ஒரே நொடியில் நாசமாக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சித்தூர், புத்தூர், சந்திரகிரிப் பக்கத்துக் கல்லூரிகள் மூன்றும் எங்கள் கல்லூரியும் சேர்ந்து ஒரு புதுப் பாடம் நடத்துவதாக இருந்தது. லாபத்தை மட்டும் பார்க்காமல் மண்ணையும் தண்ணீரையும் வேலையாட்களையும் நினைத்துப் பார்த்துத் தொழில் நடத்துவது எப்படி என்பது பாடம். நல்ல பாடம்தான். ஆனால் சேர வேண்டிய நால்வரும், அட்மிஷன் சமயத்தில் அடுத்த கல்லூரிக்குப் போகிற பிள்ளையை பஸ் ஸ்டாண்டிலேயே மடக்க ஆள் நிறுத்துகிறவர்கள் (இதில் எங்கள் கல்லூரிதான் முன்னோடி). ஒப்பந்தத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் முறிந்துவிட்டன.

மூன்றாவது கூட்டம் எங்கள் கல்லூரியில். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "சூடம்மா, இங்க பாரு, சைன் ஆயிட்டா நாலு காலேஜும் சேர்ந்து சம்பளம் குடுக்கிற கோஆர்டினேட்டர் போஸ்ட் ஒண்ணு வருது. பர்மனென்ட். அது உனக்குத்தான். ஆகலன்னா வர்ற வருஷம் உன்னை வச்சுக்கறது கஷ்டம்" என்றார். வீட்டுக் கடனும் எல்.கே.ஜி. பெண்ணும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

அந்த வாரம்தான் சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியைப் பார்க்கப் போயிருந்தேன். ரோட்டோரம் மாங்காய் டிராக்டர்கள் கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன. உள்ளே, கொல்லைப்புறத்தில், தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்து வெயிலில் தகதகவென்று மின்னின. அம்மாடியோ! இத்தனை பேர் சாப்பிட்டு, இத்தனை மிச்சமா? வாயைப் பிளந்தேன். நான்கு பிரின்சிபால்களும் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சண்டையெல்லாம் மறந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று தோன்றிவிட்டது. ஒரு டிராக்டர் தோலைக் கல்லூரிக்கே கொண்டுவந்து கொட்டுவது என்று முடிவு செய்தேன்.

"இன்னாத்துக்குமே டிராக்டரு? போட்டோ புடிச்சி சிலைடுல காமி, போதும்" என்றார் வீட்டுக்காரர்.

"சிலைடில் வாசனை வருமா?" என்று சீறினேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானமே ஒரு டிராக்டர் தோல் வந்து இறங்கியது. டிரைவருக்குத்தான் ஒரே சந்தேகம். "ஏமி மேடம், காலேஜ்ல மாடு வளக்கறீங்களா?"

"இல்லீங்க, எம்.பி.ஏ. பசங்க இருக்காங்க."

"ஓ" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கொட்டினார்.

யார் திறந்து வைப்பது என்று அடுத்த தகராறு வரும் என்பது எனக்குத் தெரியாதா? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். குவியலின் மேல் பெரிய தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடினேன். தார்ப்பாய்க்கு நான்கு மூலை, பிரின்சிபால்களும் நான்கு பேர்! என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது. (ஜூன் மாத வெயிலில் மாம்பழத் தோலை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று அந்த மூளை யோசிக்கவில்லை.)

மறுநாள் காலை, நான்கு கல்லூரி மாணவர்களும் நான்கு கலர் யூனிஃபார்மில் சுற்றி நிற்க, பிரின்சிபால்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். "ஒகட்டி, ரெண்டு, மூடு!" என்று தெலுங்கில் மூன்று வரை எண்ணினார் எங்கள் பிரின்சிபால். உதறித் தூக்கினார்கள்.

முதலில் ஆவி வந்தது. அப்புறம் கள்ளுக்கடை நாற்றம். மடிப்பில் தேங்கியிருந்த புளித்த சாறு நால்வர் மேலும் பாரபட்சமில்லாமல் தெறித்தது. அப்புறம்தான் ஈக்கள். இருட்டுக் கட்டிக்கொண்டு எழும்பின. அவ்வளவு ஈக்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. வேலை போகப் போகிற அந்த நிமிஷத்திலும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் என்னை என்ன சொல்வது!

"பஸ்ல ஏறுங்க சார்! மேடம், ஓடியாங்க!" என்று கத்தி, நால்வரையும் கல்லூரி பஸ்ஸுக்குள் தள்ளி, ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். புழுக்கம். ஐந்து பேரும் ஒரே மாதிரி நாறினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சந்திரகிரி பிரின்சிபால் மெதுவாக இருமினார். "ஒண்ணு உள்ள போயிடுச்சி."

"எது சார்?"

"ஈ."

சித்தூர் மேடம்தான் முதலில் சிரித்தார். பட்டுப் புடவையைப் பிழிந்துகொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். "நாம யாருக்குப் பாடம் நடத்தப் போறோம் சொல்லுங்க? எங்க காலேஜ்ல வருஷா வருஷம் ஒரே குழியிலதான் மரம் நடறோம். போட்டோ எடுத்ததும் புடுங்கிடுவோம்."

"எங்க மாடி சோலாருக்கு ஒயரே இல்லம்மா" என்றார் புத்தூர்க்காரர்.

எங்கள் பிரின்சிபால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஹாஸ்டல் தண்ணி பக்கத்து ஏரியிலதான் கலக்குது" என்றார் கடைசியில்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வழவழப்பான பிராஸ்பெக்டஸ்களில் எல்லாம் பச்சைப் பசேலென்று பொய் சொன்னவர்கள், என்னை வைத்துக்கொண்டே உண்மை பேசினார்கள். "அப்ப இதுதான் முதல் பாடம். இவர் பசங்க என் காலேஜைச் சோதிக்கட்டும், என் பசங்க உங்களதை" என்றார் சித்தூர் மேடம். ஒருவரும் மறுக்கவில்லை. ஈயை விழுங்கியவர் பெயர் முதலில் வரட்டும் என்பதும் ஏகமனதாக முடிவானது.

வெளியே பார்த்தால், யாரும் சொல்லாமலே மாணவர்கள் டிராக்டரை வரவழைத்து, மண்வெட்டியும் கூடையுமாகத் தோலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எது எந்தக் கல்லூரி யூனிஃபார்ம் என்று தெரியாதபடி எல்லாம் ஒரே மஞ்சள். கபடி மேட்சில் மண்டையை உடைத்துக்கொள்கிற பிள்ளைகள்! அங்கேயே அழுதுவிட்டேன்.

பஸ் சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். வேலையும் எனக்கே கிடைத்தது. ஆனால் பேனாவை மூடுவதற்கு முன்னால் நால்வரும் என்னை ஒரு பார்வை பார்த்து, முதல் விதியாக ஒன்றைக் கையாலேயே எழுதிச் சேர்த்தார்கள்: கோஆர்டினேட்டர் எந்தப் பொருளையும் நேரில் கொண்டுவந்து காட்டக் கூடாது. இன்றும் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அதை நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

கல்யாண வீட்டில் யாராவது "உங்க சம்சாரம் இன்னா வேலை செய்யறாங்க?" என்று கேட்டால் போதும், என் வீட்டுக்காரர் இலையை விட்டுவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"நாலு காலேஜ் ஒண்ணா சேர்ந்து சம்பளம் குடுக்குதுபா. வேலை செய்யறதுக்கு இல்ல, மறுபடியும் அத்த செய்யாம இருக்கறதுக்கு."