கை மாறிடுச்சு சார்!

நீங்கள் ஓர் ஓட்டலுக்குப் போகிறீர்கள். நல்ல பசி. மெனு அட்டையில் எது சீக்கிரம் வருமோ அதைச் சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். அப்போது எதிர் நாற்காலியிலிருந்து, "அதையா சொன்னீங்க?" என்று ஒரு குரல் வருகிறது. கோபக் குரல் இல்லை, துக்கம் விசாரிக்கிற குரல். அது கேட்டுவிட்டால் ஒன்று நிச்சயம்: உங்கள் மேஜையில் ஓர் ஓட்டல் அபிப்பிராயஸ்தர் உட்கார்ந்திருக்கிறார். இனி நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ருசிக்கிற வேலையை மட்டும் அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த இனத்தை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. சாப்பாடு மேஜைக்கு வரும்வரை நம்மைப் போலவேதான் இருப்பார்கள். பிள்ளை படிப்பைப் பற்றிப் பேசுவார்கள், மழை வருமா என்பார்கள், மாமியாரின் மூட்டுவலியை விசாரிப்பார்கள். தட்டு வந்து உட்கார்ந்ததும் பாருங்கள், முகத்தில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துவிடுவார்.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். மற்ற இடங்களில் எல்லாம் அவர் 'நாக்கு சார்'. காப்பீட்டு ஆபீசில் வேலை. மோதி நசுங்கிய கார்களைப் போய்ப் பார்த்து, எங்கெங்கே அடி, எவ்வளவு சேதம் என்று மதிப்பிட வேண்டும். பம்பரைத் தட்டிப் பார்ப்பார், கதவைத் தடவிப் பார்ப்பார், தரையில் படுத்து வண்டியின் அடியில் டார்ச் அடிப்பார், "இது பழைய அடி, இந்த மோதல்ல பட்டதில்ல" என்று சொந்தக்காரர் வயிற்றில் புளியைக் கரைப்பார். பகல் முழுக்க இப்படிக் குற்றம் தேடிவிட்டு வருகிற மனுஷர் முன்னால் ஒரு தட்டு மீனைக் கொண்டுவந்து வைத்தால், பாவம், அவர் வேறு எப்படித்தான் பார்ப்பார்?

முதலில் போன் வெளியே வரும். "யாரும் கை வைக்காதீங்க!" என்று ஓர் அதட்டல். நீட்டிய கைகள் எல்லாம் பின்வாங்கும். தட்டைக் கொஞ்சம் திருப்புவார், தண்ணீர் டம்ளரை நகர்த்துவார், மச்சானின் முழங்கையை மேஜையிலிருந்து எடுக்கச் சொல்வார், வெளிச்சம் போதவில்லை என்று பக்கத்து மேஜைக்காரரை எழுப்பி இடம் மாறுவார், எழுந்து நின்று மேலிருந்து ஒன்று, குனிந்து பக்கவாட்டில் ஒன்று, சூப்பின் ஆவி தெரிய வேண்டும் என்று கிட்டே போய் ஒன்று. அதற்குள் ஆவி போயே போய்விடும். சூப்பின் மேல் ஆடை படிந்திருக்கும். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி வாயில் வைத்து, கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார்.

"சூடு பத்தல."

அவர் மனைவி கணக்கு டீச்சர். எல்லாவற்றிலும் கணக்கானவர். தட்டு வந்ததும் வராததுமாக, போன் சட்டைப் பையிலிருந்து கிளம்புவதற்குள், ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுவிடுவார். பிய்த்த தட்டு படத்துக்கு ஆகாதல்லவா? அந்தக் குடும்பத்தில் சூடாகச் சாப்பிடுகிற ஒரே ஜீவன் அந்த அம்மாள்தான்.

அபிப்பிராயஸ்தருக்கென்று ஒரு பாஷை உண்டு. அதில் 'நல்லாயிருக்கு' என்ற சொல்லே கிடையாது. சொன்னால் கௌரவம் என்ன ஆவது? எவன் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே! 'பரவாயில்லை ரகம்' உண்டு. 'உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்' உண்டு. 'நீங்க முன்னாடி வந்திருக்கணும்' உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பிரம்மாஸ்திரம் ஒன்று: "கை மாறிடுச்சு சார்!" அதாவது, பழைய சமையல்காரர் போய்விட்டார், இப்போது சமைப்பது வேறு ஆள். இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? சமையற்கட்டுக்குள் போய் வருகைப் பதிவா எடுக்க முடியும்?

இப்படிப்பட்டவர்கள் ஒன்று சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'நாவின் நண்பர்கள்'. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே, முந்தின நாள் தின்ற முட்டையின் படம் வந்து விழும். அதற்கு நாற்பது பேர் நாற்பது குறை சொல்வார்கள். அங்கே நாக்கு சாருக்குச் சரியான போட்டி, ஒரு பல் டாக்டர். அவருக்கு ஒரு வசதி, பாருங்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடம் தன் அபிப்பிராயங்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியவர். மறுத்துப் பேச வாயில்லாத சபையிலேயே இத்தனை காலம் பேசியவருக்கு, நாக்கு சாரின் மறுப்புகள் பிடிக்குமா?

இனிமேல்தான் விஷயம்.

நாக்கு சார் விபத்துக் கார்களைப் பார்க்கப் போகும் பட்டறைச் சந்தில், டயர் கடைக்கும் பூட்டுச்சாவி ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. கணவன் பரிமாறுவார், மனைவி சமைப்பார். சூப், சோறு, வறுத்த மீன், அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்து மேஜைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்தது. அந்த அட்டையை மடித்து வைத்தவரே நம் நாக்கு சார்தான்.

அங்கே அவர் போனை எடுத்ததே இல்லை. எடுக்கத் தோன்றவில்லை. தட்டு வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பிடி பிடிப்பார். நெற்றி வியர்க்கும், மூக்கு ஒழுகும், கர்சீப்பால் துடைத்துக்கொண்டு, "அக்கா, இன்னொரு மீன்!" என்று சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். விரலைச் சூப்புவார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற நினைப்பே வராது. நாளெல்லாம் சேதத்தைப் பார்த்து அலுத்த கண்ணுக்கும் நாக்குக்கும் அந்த அரைமணி நேரம்தான் விடுமுறை. உலகத்திலேயே அவர் சந்தோஷமாக இருந்த இடம் அந்தக் கால் குட்டை மேஜைதான்.

ஒருநாள் குழுவில் யாரோ கேட்டுவிட்டார்கள்: 'பட்டறைச் சந்துல ஒரு சின்னக் கடை இருக்காமே, போயிருக்கீங்களா?'

நாக்கு சாருக்குப் பகீரென்றது. கண்முன் ஒரு காட்சி ஓடியது. நாற்பது பேர் போனும் கையுமாகச் சந்துக்குள் நுழைகிறார்கள். ஜன்னல் ஓரத்தில், அவர் மேஜையில், பல் டாக்டர். கடைசி மீன் அவர் தட்டில்! விரல்கள் தாமாகவே தட்டின: 'போயிருக்கேன். பரவாயில்லை ரகம். மீன்ல லேசா வாடை. முன்னாடி நல்லாயிருந்தது, கை மாறிடுச்சு.'

இத்தனைக்கும் அப்போதுதான் அங்கே இரண்டு மீனை உள்ளே தள்ளிவிட்டு, ஏப்பத்தோடு வெளியே வந்திருந்தார்.

குழு அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே கால் வைக்காதவர்கள் எல்லாம் 'ஆமா, நானும் கேள்விப்பட்டேன்' என்றார்கள். பல் டாக்டர், 'எனக்கு அந்தப் பழைய கையைத் தெரியும். அது ஒரு காலம்!' என்று பெருமூச்சு விட்டார். அபிப்பிராயம் ஊரெல்லாம் பரவியது. கடை காலி. நாக்கு சாருக்கு ராஜ உபசாரம். காலை நீட்டிச் சாப்பிட்டார்.

ஆனால் ஒருநாள் கடைக்காரர் மீனை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். துண்டால் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சார், இந்த மாசத்தோட கடையை மூடிடலாம்னு இருக்கோம்."

"ஏன்? என்னாச்சு?"

"ஆளே வரல சார். ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கோம். புதுசா வர்றவங்க கூட வாசல்ல நின்னு போனைப் பாக்கறாங்க, உதட்டைப் பிதுக்கறாங்க, அப்படியே போயிடறாங்க. என்ன பாவம் பண்ணினோம்னு தெரியல. அவ ராத்திரியில அழறா சார்."

நாக்கு சார் வாய்க்குக் கொண்டுபோன மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டார். யாருடைய பாவம் என்று அவருக்குத் தெரியாதா? கையைக் கழுவிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, 'நான் சொன்னது பொய், கடை நல்லாயிருக்கு'ன்னு எழுதிட வேண்டியதுதானே?"

"குழுவிலயா! என் பேர் என்னாகறது?"

"அப்போ கடை போகட்டும்."

"ஐயோ, கடை போனா நான் எங்கே சாப்பிடறது?"

"வீட்ல ஒருத்தி சமைக்கறாளே, அங்கே" என்று டீச்சரம்மா சிவப்புப் பேனாவை மறுபடி எடுத்தார். நாக்கு சார் போனை எடுத்துக்கொண்டு நைசாக வாசலுக்கு நகர்ந்தார். சில இடங்களில் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவர்.

வெகுநேரம் யோசித்தார். பேரும் போகக்கூடாது, மீனும் போகக்கூடாது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. குழுவில் எழுதினார்: 'நண்பர்களே! பட்டறைச் சந்து. பழைய கை திரும்பி வந்தாச்சு!'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்து தாங்கவில்லை. கடைக்குள் இடமில்லாமல் டயர் மேலெல்லாம் உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டார்கள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பைக் கேட்டவருக்குச் சோற்றையும், சோற்றைக் கேட்டவருக்கு பில்லையும் கொடுத்துக்கொண்டிருந்தார். நாக்கு சார் தன் மேஜையில் மனைவியோடு உட்கார்ந்து, ஊருக்கே சோறு போட்டவர் மாதிரி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் வந்தார். படம் எடுத்தார். ஒரு துண்டு மீனை வாயில் போட்டார். கண் கலங்கியது.

"இதேதான்! அந்தப் பழைய கை! மறக்க முடியுமா இந்த ருசியை?"

அன்றுதான் முதன்முதலாக அந்தச் சந்துக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தவர் அவர் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேராகச் சமையற்கட்டு வாசலுக்கே போய்விட்டார்.

"அம்மா, இத்தனை நாளா எங்கே போயிருந்தீங்க?"

அக்கா அடுப்பிலிருந்து திரும்பினார். "காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஏன்?"

"அதில்லம்மா. நீங்க போனப்புறம் இங்கே சமைச்சாங்களே ஓர் ஆள், கடையையே கெடுத்துட்டாங்க. மீன் வாடை! வாயில வைக்க முடியல!"

அக்கா கரண்டியை இறக்கவில்லை. கணவரைப் பார்த்தார். "ஏங்க, இங்கே வாங்க. நான் மார்க்கெட் போற நேரத்துல யாரைக் கொண்டாந்து அடுப்புல நிறுத்தினீங்க?"

"நானா? யாரை?"

"யாருங்க அவ?"

"சத்தியமா யாருமில்ல! அந்த சாரையே கேளு, நம்ம சார் தினமும் வர்றவரு!"

எல்லோரும் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார்கள். நாக்கு சார் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ காரின் அடியில் படுத்து எழுந்தவருக்கு, அப்போது போய்ப் படுத்துக்கொள்ள ஒரு கார் இல்லை. டீச்சரம்மா மேஜைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தார். நாக்கு சார் எழுந்துவிட்டார்.

"அக்கா, யாருமே வரல. நீங்க எங்கேயும் போகவும் இல்ல. கை மாறவே இல்ல. வாடையும் இல்ல. கூட்டம் வந்தா எனக்கு இந்த இடம் கிடைக்காதேன்னு நான்தான் பொய் எழுதினேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்லாயிருக்கு. எப்பவுமே நல்லாதான் இருந்தது."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து நாலு பேர் முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன சார்? அதை விட்டுட்டு, என் அடுப்படிக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்துட்டீங்களே!"

சிரிப்பு வெடித்தது. கடைக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், தப்பித்த சிரிப்பு. பழைய கையை நினைத்துக் கண் கலங்கியவர்கள் எல்லாம் இப்போது கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். பல் டாக்டர் மட்டும் அசரவில்லை. மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"நாக்கு சார் முன்னே மாதிரி இல்ல. நாக்கு மாறிடுச்சு."

கடை பிழைத்துக்கொண்டது. ஓஹோ என்று ஓடுகிறது. அக்கா இப்போது ராத்திரியில் அழுவதில்லை, தூங்கவே நேரமில்லை. நம் நாக்கு சார் மத்தியான வெயிலில் டயர் கடை வாசல்வரை நீண்ட வரிசையில், மனைவியின் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறார். ஜன்னலுக்கு உள்ளே, அவர் மடித்து வைத்த அட்டையின் தயவில் ஆடாத மேஜையில், பல் டாக்டர் புதிதாக வந்த யாருக்கோ, "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி நீங்க இங்கே வந்திருக்கணும்!" என்று சொல்லிக்கொண்டிருப்பது வரிசைவரை கேட்கிறது. அதைக் கேட்கும்போது நாக்கு சாருக்கு வயிறு எரிகிறது. ஆனால் வறுத்த மீனின் வாசனை வரும்போது ஆறிவிடுகிறது.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். நல்ல கடை எது என்று யாராவது கேட்டால், உங்கள் மனதில் வருகிற கடையும் வாயில் வருகிற கடையும் ஒன்றேதான். உங்கள் சூப்பு ஆறியதே இல்லை. 'நல்லாயிருக்கு' என்று தாராளமாகச் சொல்கிறவர் நீங்கள். சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'ம், பரவாயில்லை ரகம். இப்படியெல்லாம் எழுதுவதற்கு முன்னே நல்ல ஆட்கள் இருந்தார்கள், இப்போது கை மாறிவிட்டது' என்று உங்களுக்கு லேசாகத் தோன்றியதா இல்லையா?

தோன்றியதல்லவா? வாருங்கள், நாக்கு சாருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடமிருக்கிறது. குடை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள்.