வெல்வெட் முல்லை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வியாதி மட்டும் இல்லாதிருந்தால், எங்கள் தெரு முல்லைச் செடிகள் அத்தனை பாடு பட்டிருக்காது.

போன வருடம் என் முல்லை இலைகளில் வெள்ளை வெளேரென்று மெத்தை மாதிரி ஏதோ படர்ந்தது. தொட்டால் அவ்வளவு மென்மை. நோய் என்று மற்றவர்கள் பயப்படுவார்கள், நான் யார்? (செடிகொடி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவதுதான்.) 'வெல்வெட் முல்லை' என்று பெயர் சூட்டி, குச்சி ஒடித்து நான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன்.

எதிர்வீட்டு சுலைகா அக்கா அதைத் தன் பழைய முல்லைக்குப் பக்கத்திலேயே நட்டார். மகள் நிக்காஹ்வுக்குத் தன் வீட்டு முல்லையைத்தான் சூட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கொஞ்ச நாளில் அந்தப் பழைய செடியும் கம்பளி போர்த்திக்கொண்டது. மொட்டு நின்றுபோனது.

"பூவையே காணோமேம்மா," என்றார்.

"ஒண்ணுமில்லக்கா, உங்க செடியும் ரகம் மாறுது," என்றேன், கூசாமல்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. ஓர் இலையைப் பறித்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனேன். சேவுகம்பட்டியிலிருந்து பூ கொண்டுவரும் அம்மா ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ரகமுமில்ல ஒண்ணுமில்ல. செடிப்பேனு. கண்ணுக்குத் தெரியாது. அது கடிச்ச எடத்துல எலை இப்பிடி முடி வளத்துக்கிரும். வெட்டி எரிச்சுப்புட்டுக் கந்தகம் அடிங்க. யாருக்கும் குச்சி குடுத்துறாதீக."

(நான்கு வீடு முடிந்திருந்தது.)

அன்றே சுலைகா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். மானம் போனது. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நிக்காஹ்வுக்கு மூணு மாசந்தான் இருக்கு. பூக்கலைன்னா பந்திக்கு வந்துறாத," என்றார்.

ஐந்து வீட்டுச் செடிகளையும் மொட்டையடித்தேன். வெட்டியதையெல்லாம் எரித்தேன். உரக்கடையில் 'நனையும் கந்தகம்' என்ற தூளை வாங்கித் தண்ணீரில் கரைத்து, வீடு வீடாகப் போய்த் தெளித்தேன். துளிர்த்த ஒவ்வோர் இலையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுத்தமான பச்சை. பிறகு மொட்டு. பிறகு, அடேயப்பா, பறித்து மாளவில்லை.

நிக்காஹ் அன்று மணப்பெண்ணின் தலை தாங்காத அளவுக்கு முல்லை. முதல் பந்தியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பூவை மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு குச்சி கெடைக்குமா?" என்றார். குச்சி ஒடிக்க நான் சாப்பாட்டு இலையை விட்டு எழுந்தே விட்டேன்.

சுலைகா அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "குச்சி நான் தாரேன் சம்பந்தி. இவ வைத்தியம் மட்டுந்தான் பாப்பா."

அந்தப் பேச்சு தெருவில் நிலைத்துவிட்டது. இன்று யார் வீட்டுச் செடிக்கு என்ன வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் லென்ஸோடு கம்பீரமாகக் கிளம்புகிறேன். பையில் குச்சி ஏதும் இருக்கிறதா என்று என் கணவர் வாசலில் நிறுத்திச் சோதனை போட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்.