மல்லாந்த மீனும் மாடி ஏறி வந்த ஃபோர்மேனும்

கோயமுத்தூரில் ஓடாமல் நின்றுபோன எதையும் எங்கள் ஃபோர்மேன் ஓட வைத்துவிடுவார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதிலும் அவருக்கு அதே அளவு திறமை உண்டு.

அவருடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் அப்பார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டால் உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துவிடுமாம்.

ஒரு தடவை லிஃப்டில் லேசாகச் சத்தம் வருகிறது என்று யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைக் கழற்றி மாட்டினார். சத்தம் போய்விட்டது. லிஃப்ட் அன்றிலிருந்து இரண்டாவது மாடியில் நிற்பதும் போய்விட்டது. "ரெண்டாவது மாடிக்கெல்லாம் எதுக்குங்க லிஃப்டு? நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார். நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி.

ஆகவே, எங்கள் வீட்டில் எது கெட்டாலும் அவர் காதுக்குப் போகக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். மிக்ஸி பழுதானபோது அதைத் துணிப்பையில் சுற்றி, சீர் கொண்டுபோகிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவர் வாசலைக் கடந்திருக்கிறேன்.

அப்படி இருக்கையில்தான் லட்டு மல்லாந்தது.

லட்டு எங்கள் மகளின் தங்கமீன். சென்னையில் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று அவள் கண்கலங்கியது எங்களைப் பார்த்து அல்ல, ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்து. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். "சாப்டியாம்மா?" என்று மரியாதைக்கு ஒரு கேள்வி. அடுத்து, "லட்டுவைக் காட்டு." அந்த லட்டு ஒரு காலையில் வயிறு உப்பி, தண்ணீரின் மேலே மல்லாக்க மிதந்தது. செத்துவிட்டது என்று நான் அலறியதும் வாலை அடித்தது. கஷ்டப்பட்டுக் கொஞ்சம் கீழே போனது. உடனே பந்து போல மேலே வந்துவிட்டது.

மீனை வாங்கிய உக்கடம் கடைக்கு ஃபோன் போட்டேன். கடைக்கார பாய் நிதானமாகக் கேட்டார். "தீனி எச்சாப் போயிருக்குமுங்கம்மா. வயிறு அடைச்சிருக்கும். ரெண்டு நாள் பட்டினி போடுங்க. பொறவு பச்சைப் பட்டாணிய வேகவெச்சு, தோலை எடுத்துப்போட்டு, துளியூண்டு குடுங்க. சரியாகலாமுங்க. ஆகாமலும் போகலாமுங்க."

ஆகாமல் போனால்? மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

என் கணவருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன்: வாயைத் திறக்காமல் போய்ப் பட்டாணி வாங்கி வர வேண்டும். பட்டாணியை மறந்துவிட்டு ஃபோர்மேனோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, மீன் ஓட மாட்டேங்குதாமா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார். ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. முனை கண்ணாடியில், பிடி காதில். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏர் லாக்குங்க."

"எதுங்க?"

"பம்புக்குள்ள காத்து பூந்துட்டா தண்ணி எடுக்காதில்லீங்க? அதேதான். தலைய மேல புடிச்சு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுனா..."

"தொடாதீங்கண்ணா!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

அடுத்து விசாரணை. தீனி போடுவது யார்? காலையில் நான். சாயங்காலம் என் கணவர். "வேற?" என்று அவரையே பார்த்தார் ஃபோர்மேன். "தம்பி, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

என் கணவர் நெளிந்தார். "நேத்து... கொஞ்சூண்டு அரிசிம்பருப்புச் சோறு. லட்டு கேட்டுச்சு."

"மீன் கேட்டுச்சுங்களா?"

"பாத்துச்சுங்க."

"நெய் ஊத்துனதுங்களா?"

"லேசா."

ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா அம்மணி, ஆயில் எச்சாயிருச்சு."

பட்டினிக்குக் காவல் இருக்க வேண்டிய பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். தீனி டப்பாவின் மூடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினார். காலையில் நான் வாசல் தெளிப்பதற்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுவார். காபி, முறுக்கு, மறுபடி காபி. "ஒரு உசுரு பட்டினி கெடக்கறதப் பாக்க மனசு கேக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறுக்கை எடுப்பார். தண்ணீர் மட்டம் குறைந்தால் மீனுக்குச் சிரமம் குறையுமென்று டியூப் போட்டு உறிஞ்சினார். மட்டம் குறைந்தது. குறைந்த தண்ணீர் முழுவதையும் என் பவானி ஜமுக்காளம் குடித்தது.

மகளிடம் நான் விஷயத்தை மறைத்திருந்தேன். ஃபோனைத் தொட்டிக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, "லட்டு தூங்குது கண்ணு" என்றேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் திரைக்குள் நுழைந்தது.

"கண்ணு, நீ பயப்படாதே! உன்ற மீன் மல்லாந்துதான் போச்சு. இன்னும் சாகலை."

அந்தப் பக்கம் அழுகை. இப்போதே பஸ் ஏறுகிறேன் என்கிறாள். "பரீட்சை இருக்குதடி" என்று நான் கெஞ்சுகிறேன். இவர் நடுவில் ஏர் லாக்கைப் பற்றி அவளுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ரப்பர் டியூபில் இரும்பு வாஷர்களைக் கோத்து, மீனுக்கு அரைஞாண் போல ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். "இதை மாட்டிவுட்டா வெயிட்டுக்குக் கீழ போயிருமுங்க."

எனக்குள் ஏதோ அறுந்தது. "போதுமுங்கண்ணா! இது உங்க கம்பெனி மோட்டார் இல்லீங்க. உசுரு! கொஞ்சம் எங்களை உடுங்க!"

அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டார். "சரிங்க அம்மணி" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். ஊற்றி வைத்த காபி அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் பட்டாணியை வேகவைத்துத் தொட்டியில் போட்டேன். அது நேராக அடியில் போய்ப் படிந்தது. லட்டு மேலே மல்லாந்து கிடந்தது. எத்தனை முறை போட்டாலும் அதுதான் நடந்தது. இப்போது மூச்சும் மெதுவாகிவிட்டது. "ஃபோர்மேன் இருந்தா..." என்று ஆரம்பித்த என் கணவர், என் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

காலிங்பெல் அடித்தது. ஃபோர்மேன், கையில் ஒரு டம்ளரோடு.

"கோவம் ஆறிருச்சுங்களா?"

டம்ளருக்குள் வெந்த பட்டாணி. தோல் நீக்கி, ஒவ்வொன்றையும் கடுகளவு துணுக்குகளாகக் கிள்ளி வைத்திருந்தார். பதிலுக்குக் காத்திராமல் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்கும் தெம்பும் இல்லை. இரும்பு தூக்கிக் காய்த்துப்போன அந்தப் பெரிய உள்ளங்கையை மீனின் அடியில் கொண்டுபோய், பிடிக்காமல், சும்மா தாங்கி நிமிர்த்தினார். இன்னொரு கை விரல்நுனியில் ஒரு துணுக்கு. மீன் திரும்பிக்கொண்டது. அவர் அசையவில்லை.

அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். முதுகு வளைந்திருந்தது. ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "அசைஞ்சா பயந்துக்குமுங்க" என்றார், உதடு மட்டும் அசைய.

வெகுநேரம் கழித்து லட்டு வாயைத் திறந்தது. ஒரு துணுக்கு போனது. பிறகு இன்னொன்று.

மறுநாள் வயிற்று அடைப்பு விலகி, அதன் வாலுக்குக் கீழே நூல் மாதிரி நீளமாக ஒன்று தொங்கியது. சாயங்காலம் தள்ளாடித் தள்ளாடி நிமிர்ந்து, தொட்டியின் அடிவரை ஒரு சுற்றுப் போய் வந்தது. "ஏர் லாக் ரிலீஸ்!" என்று ஃபோர்மேன் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் மாடி ஏறி ஓடி வந்தார். ஃபோர்மேன் என் ஃபோனைப் பிடுங்கி மகளைக் கூப்பிட்டார். அழுதவர்கள் இரண்டு பேர்: அவளும் அவரும். அவர் மட்டும் கண்ணில் தொட்டித் தண்ணீர் பட்டுவிட்டது என்றார்.

அதோடு விட்டாரா? "ஃபில்டரையும் சித்த சர்வீஸ் பண்ணிப்போடறேனுங்க" என்று, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரைப் பிரித்தார். புது ஃபில்டர் வாங்கினோம். இனி இந்த வீட்டுச் சங்கதி எதுவும் கீழே போகக்கூடாது என்று என் கணவருக்குப் பழைய சட்டத்தை மறுபடி கடுமையாக்கினேன்.

போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். அன்னூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பித்தபடி வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வேலையும் இல்லை. காய் வாங்கிக்கொண்டு வந்த நான் அவரைக் கடந்து போனேன். நாலு படி ஏறினேன். திரும்பி இறங்கினேன்.

"ஏனுங்கண்ணா, எங்க ஃபிரிட்ஜுல என்னமோ சத்தம் வருதுங்க. சும்மா கேட்டு மட்டும் சொல்றீங்களா?"

"இதோ வாரேனுங்க அம்மணி!" என்று எழுந்துவிட்டார்.

ஃபிரிட்ஜில் எந்தச் சத்தமும் இல்லை.