இருபத்தஞ்சுக்கு மேல் கதவு சாத்தப்படும்

தனபால் தீர்மானம் பண்ணிவிட்டான். மகளின் காதுகுத்துக்கு அவன் பக்கம் இருபத்தஞ்சு, மனைவி யோகப்பிரியா பக்கம் இருபத்தஞ்சு. ஒரு தலை கூடக் கூடாது.

காரணம் இருந்தது. வீடு குடிபோனபோது மச்சான்மார் எட்டுப் பேரும் குடும்பத்தோடு முதல் பந்தியை அடைத்துக்கொண்டார்கள். அவனுடைய அக்கா பொன்னாத்தாள் நின்று நின்று கால் கடுத்து, சாப்பிடாமலே பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் இந்த வாசலை மிதிக்க மாட்டாள்.

பகலில் கொழிஞ்சாம்பாறைத் தேங்காய் மண்டியில் வேலை. மூணு மாசமாக செல்போனில் பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழி வகுப்பு. அந்தத் தைரியத்தில் விருந்தாளிகளுக்கு ஒரு வெப்சைட்டே செய்துவிட்டான். பேரைத் தட்டினால் அரே என்கிற பட்டியலில் போய் உட்காரும். count() என்கிற கட்டளை எண்ணும். இருபத்தஞ்சு ஆனதும் கதவைச் சாத்தும். மச்சான்மார் லாரி வைத்து இடித்தாலும் திறக்காது.

"ஏனுங்க, எங்க பெரியண்ணன் ஊட்டுல மட்டும் ஏழு பேருங்க. ஏழு வாட்டி தட்டோணுமா? ஊட்டுப் பேரைப் போட்டு, அதுக்குள்ள ஆளுகளைப் போட முடியாதுங்களா?" என்றாள் யோகப்பிரியா.

"முடியாதா? யாரைப் பாத்துக் கேக்கறே?"

"அதானே, எவ்வளவு படிச்சிருக்கீங்க!"

குளிர்ந்துபோனான். பட்டியலுக்குள் பட்டியல் தயார்.

அப்புறம் தன் ஆட்களை ஒவ்வொருத்தராகத் தட்டினான். மண்டி முதலாளி, டிரைவர் ஜோஸ், சீட்டாட்டக் கூட்டாளிகள். அக்கா எங்கே போய்விடப் போகிறாள் என்று கடைசிக்கு வைத்தான். தட்டினான். 'இடமில்லை' என்றது.

வேர்த்துவிட்டது. மனைவி பட்டியலாவது நிறையாமல் இருக்குமா? பார்த்தான். இருபத்தஞ்சு. எல்லாம் வீடுகள்! உள்ளே இருப்பவர்களையும் எண்ணு என்று COUNT_RECURSIVE சேர்த்தான்.

"நூத்தி எழுபத்தொண்ணா! அடிப்பாவி!"

"ஊட்டையும் ஒரு உருப்படியா எண்ணியிருக்குதுங்க. ஊடு வந்து சோறு திங்குமா? இருபத்தஞ்சைக் கழிங்க. நூத்தி நாப்பத்தாறுதான். சமையக்காரருக்குப் போன வாரமே சொல்லிட்டனுங்க."

"இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க வகுப்பைப் போட்டுட்டுக் கொறட்டை விட்டீங்க. நான் மாவாட்டிக்கிட்டே கேட்டனுங்க. சும்மா count போட்டா மேலாப்பில இருக்கறதைத்தான் எண்ணுமாமுங்க."

தனபால் பேச்சை மாற்றினான். "அதை விடு. எங்கக்காவுக்கு இடமில்லயே."

யோகப்பிரியா தன் பட்டியலின் முதல் வரியைக் காட்டினாள். அரேயில் முதல் இடத்தின் எண் பூஜ்யம். பொன்னாத்தாள் ஊடு, ஒன்பது பேர்.

"உங்கக்கா எனக்கு நங்கையா இல்லீங்களா, அவங்களுக்குத்தானுங்க முதல் பந்தியில முதல் இலை. போன் பண்ணிட்டேன். அழுதுட்டாங்க. வர்றாங்களாமுங்க."

அவனுக்கும் கண் நிறைந்தது. இந்தத் தடவை எல்லாம் நல்லபடியாக நடக்கும். சந்தோஷத்தோடு இரண்டு பட்டியலையும் மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் பார்த்தான்.

"என்ற பேரு எங்கயும் காணமே?"

"நீங்க எச்செலை எடுக்கறீங்க."